தோப்பு வீட்டுக்கு சோலார்: முன்பணம் கொடுக்குமுன்

காரைக்குடியைச் சுற்றித் தோப்புகளிலும் வயலோரங்களிலும் சிறு வீடுகள் பெருகி வருகின்றன. ஓய்வு பெற்றவர்களும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் ஆசையாகக் கட்டுகிறார்கள். மின்கம்பம் தொலைவில் இருக்கும். ஈபி ஆபீசுக்கு அலையவே வேண்டாம், பேனலும் பேட்டரியும் வைத்தால் ஏசி வரை எல்லாம் ஓடும், மானியமும் வரும் என்று விற்பவர் சொல்ல, முன்பணம் கைமாறும். முதல் கோடையிலேயே ஏசி நடுராத்திரிக்கு முன் நின்றுவிடும். மானியம் வராது. அவசரத்துக்கு மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள். இப்படி மாட்டிக்கொள்பவர்கள் அத்தனை பேரும் வேலையைத் தலைகீழாகச் செய்தவர்கள். வெயிலை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது முதல் வேலை. ஈபி இணைப்பை முறையாகக் கேட்டுப் பார்ப்பது அடுத்தது. பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டியது கடைசியில்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் இன்வர்ட்டர் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால், அறையின் சூட்டைப் பொறுத்து ஐந்து யூனிட் வரை இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் 1.8 யூனிட் உண்டு. அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆக, ஒன்றிலிருந்து நம்பி எடுக்கக்கூடியது 0.9 யூனிட். ஏசிக்கு மட்டுமே ஆறு பேட்டரி வேண்டும் என்கிறது கணக்கு. இரண்டை வைத்துவிட்டு ஏசி ஓடும் என்று சொன்னால் அது பொய். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். பேனலைப் பொறுத்தவரை, ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் அது வெகுவாகக் குறையும். தோப்பு வீடுகளில் இன்னொரு சிக்கல் நிழல். ஒரு பேனலின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலே அதோடு வரிசையாகக் கோத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். ஆகவே "எத்தனை கிலோவாட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னின்ன சாதனம், இரவில் இத்தனை மணி நேரம், கார்த்திகையில் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டாலும் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பகலில் ஏசியைப் பேனலிலிருந்தே ஓட்டலாமே என்று கேட்பார்கள். மூன்று கிலோவாட் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். ஆனால் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில்தான் அறைக்குள் இறக்கும்; தூங்க வேண்டிய நேரமும் அதுதான். இதே வெயிலில், மின்விசிறியே இல்லாத காலத்தில், செட்டிநாட்டு வீடுகள் தடித்த சுவர், உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சு, காற்று புழங்கும் முற்றம் இவற்றைக் கொண்டே வெப்பத்தைச் சமாளித்தன. அத்தனை பெரிதாக இன்று கட்ட வேண்டியதில்லை. தளத்தின் மேல் தட்டோடு பதித்து வெள்ளை அடிப்பது, மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் இறக்குவது, எதிரெதிரே ஜன்னல் வைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவைப் பேட்டரிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் ஒருமுறைச் செலவு. சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். அப்படி இரண்டு விசிறிகள் பத்து மணி நேரம் ஓட 0.6 யூனிட், அதாவது ஒரே பேட்டரி போதும். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றுக்கு ஏர் கூலரும் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்து ஈரக் காற்றில் செய்யாது. வயதானவர்களும் நோயாளிகளும் இருந்தால் இவை மட்டும் போதாது என்பது நியாயமான வாதம். அவர்களுக்கு ஒரே ஒரு படுக்கையறையை வெப்பம் புகாதபடி அமைத்து, அந்த அறைக்கு மட்டும் சிறிய ஏசி வைத்து, அதற்கு மட்டும் பேட்டரிக் கணக்குப் போடுங்கள்.

இனி ஈபி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேலே சொன்ன விசிறிகளும் சில விளக்குகளும் மட்டும் உள்ள வீடு அதற்குள்ளேயே அடங்கிவிடும். இதை விட்டுவிட்டுப் பல லட்சத்தைப் பேட்டரியில் போடுமுன் விண்ணப்பமாவது கொடுத்துப் பார்க்க வேண்டாமா? 2003 மின்சாரச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் கேட்கலாம். பட்டா அல்லது பத்திரம், வீட்டுவரி ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றோடு இணையத்தில் விண்ணப்பித்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் கூட்டுப் பட்டா. பங்காளிகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, கையெழுத்து கிடைக்கவில்லை என்று முயற்சியையே கைவிடுகிறார்கள். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் இதற்கு வழி இருக்கிறது. உரிமையாளரின் சம்மதக் கடிதம் படிவம் 5. அவர் கிடைக்கவில்லை, அல்லது மறுக்கிறார் என்றால், சட்டப்படி அந்த இடத்தில் இருப்பதற்கான சான்றைக் காட்டி, படிவம் 6-இல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையை இரு மடங்காகக் கட்டி இணைப்பு பெறலாம். பிரிவு அலுவலகத்தில் இதைத் தாமாக யாரும் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். படிவத்தின் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். புதிய கம்பம் நட வேண்டியதில்லை என்றால் கிராமப்புறத்தில் முழுமையான விண்ணப்பத்துக்கு 15 நாளில் இணைப்பு தர வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதி. கம்பம் நட வேண்டுமானால் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்போகும் பேட்டரிகளின் விலையையும் தாண்டினால்தான் தனி சோலார் புத்திசாலித்தனம். தாமதம் செய்தால் மின்வாரியத்தின் உதவி மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர்.

மானியத்தைப் பற்றித்தான் அதிகப் பொய் சொல்லப்படுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். இது ஈபி இணைப்புள்ள வீட்டுக் கூரையில், ஈபியோடு இணைத்து வைக்கும் அமைப்புக்கு மட்டும்தான். ஈபி இணைப்பே இல்லாத தோப்பு வீட்டின் பேட்டரி சோலாருக்குக் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், கிடையாது. கிடைக்கும் இடத்திலும், தேசிய இணையதளத்தில் பதிவான விற்பனையாளரிடம், உள்நாட்டில் தயாரான பேனலை வைத்து, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே பணம் வரும்; இடையில் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை மாற்றித் தருகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மோட்டார் கொட்டகை ஒயரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. இலவச விவசாய மின்சாரம் பாசனத்துக்குத் தரப்பட்டது. அதில் வீட்டு விசிறியை ஓட்டினாலும் அது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின் கீழ் அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் ஊழியரிடம் பேரம் பேசாதீர்கள். முதலில் தற்காலிக மதிப்பீட்டு ஆணை எழுத்தில் வரவேண்டும்; அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, நேரில் விளக்க வாய்ப்புக் கேட்பது உங்கள் உரிமை. 30 நாளுக்குள் இறுதி ஆணை வரவேண்டும். அது வந்த 30 நாளுக்குள், விதித்த தொகையில் பாதியைக் கட்டி 127-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் மன்றம் இந்த வழக்கை எடுக்காது. அங்கே போய் நாளைக் கடத்தினால் மேல்முறையீட்டுக் கெடு போய்விடும்.

பேட்டரி வைக்கும் இடத்தில் காட்டும் அலட்சியம் உயிரையே வாங்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊரிலேயே லெட்-ஆசிட் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் அடைத்து வைப்பதை என்னவென்று சொல்வது? சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். ஒரு தீப்பொறி போதும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நிழலும் காற்றோட்டமும் உள்ள, யாரும் படுக்காத இடத்தில் வையுங்கள். பேனல் பக்கத்துக்கு டிசி வகை பிரேக்கர்தான் வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு வைக்கும் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) வகை பிரேக்கர் டிசி தீப்பொறியை அணைக்காது. எர்த்தும் இடி தாங்கியும் போடாமல் வேலை முடிந்தது என்று கையெழுத்திடாதீர்கள். ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில்கூட ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இத்தனைக்கும் பிறகு ஏமாந்தால், வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்று விட்டுவிடுவது இங்கே வழக்கம். சில வழக்குகள் இழுக்கத்தான் செய்யும். ஆனால் விற்றவரின் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, இங்கு சிவகங்கையில், மனுச் செய்யலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, விற்றவருக்குச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில், பேனல்களிலும் பேட்டரிகளிலும் உள்ள வரிசை எண்களின் படம், கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டை, யூனிட் கணக்கு எழுதிய கொட்டேஷன் ஆகிய நான்கும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையும் என்று பில்லை விட்டவருக்கு ஆணையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். "அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே அந்த இரண்டு ஆண்டும் போய்விடும் என்பதால், அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தேதியோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.