வாசல் வரை வந்த டீச்சர்

மே மாதம். வெயில் சற்றே தாழ்ந்த ஐந்து மணி. தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கையில் பட்டியலும் துண்டறிக்கையுமாக இரண்டு ஆசிரியைகள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். "வீட்டுல அஞ்சு வயசுப் புள்ளை இருக்காம்மா?" காலைச் சிற்றுண்டி உண்டு, மதியம் முட்டையோடு சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம் என்று மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், செல்போன் எண் எழுதிக்கொள்கிறார்கள். "ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் கூட்டிட்டு வந்துடுங்க" என்று அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள்.

இவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை பாட்டியின் சேலைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆசிரியைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 61ஆவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேர் என்பதை வைத்தே பணியிடம் நிர்ணயமாகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி'. பிறகு பணி நிரவல், வேறு ஊர், வேறு பள்ளி. எதிர்த்தாற்போலத் தனியார் பள்ளி வேன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. சொந்தக் காசில் பையும் நோட்டும் வாங்கிக் கொடுத்துப் பிள்ளை சேர்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளியைக் காப்பாற்றத்தான் அவர்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள். ஆனால் அத்தனை தூரம் நடந்து வாசல் வரை வந்தவர்கள், திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றாலே நமக்கு அளவெடுக்கிற வேலைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்ன காலம் பலருக்கும் நினைவிருக்கும். கை எட்டினால் வயது வந்துவிட்டது. பிறந்த தேதி தெரியாத வீட்டுக்குத் தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொடுப்பார். ஊரில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பது அதனால்தான். இன்று அந்த இடத்துக்கு ஆதார் வந்திருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொன்னால் நிம்மதியடையும் தாய்மார்கள் இன்றும் உண்டு.

வாசலோடு திரும்பாமல் உட்கார்ந்து பேசும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாக்ரமென்டோ நகரில் 1998இல் ஒரு ஏற்பாடு தொடங்கியது. ஏழைகள் வாழும் பகுதிகளில் பெற்றோர் ஆசிரியர்களை நம்பவில்லை. இந்தப் பெற்றோருக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையே இல்லை என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். பெற்றோரே முன்னின்று பேசி, ஆசிரியர்கள் வீட்டுக்கு வரும் வழக்கத்தை உருவாக்கினார்கள். இருவராகத்தான் போக வேண்டும். இரண்டு தரப்புக்கும் விருப்பம் இருந்தால்தான் போக வேண்டும். போகிற ஆசிரியருக்குப் பயிற்சியும் உண்டு, அந்த நேரத்துக்கு ஊதியமும் உண்டு. படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அப்படிப் போனால் ஆசிரியரின் வருகையே அந்த வீட்டுக்கு அவமானமாகிவிடும். போய் உட்கார்ந்ததும் கேட்கும் முக்கியமான கேள்வி, உங்கள் பிள்ளையைப் பற்றி உங்கள் ஆசை என்ன என்பது. இன்று அந்த வழக்கம் அங்கே பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது.

இங்கிலாந்தில் செப்டம்பரில் பள்ளிக்கு வரப்போகும் நான்கு வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பல பள்ளிகளில் ஆசிரியர் முன்னதாகவே போய் வருகிறார். ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி திறந்த பிறகு, வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போவது நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது.

நம் ஊரில் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன கேட்கலாம்? மிகச் சாதாரணமான ஒன்றைச் சொல்கிறேன். சிறுநீர் வந்தால் பிள்ளை என்ன சொல்லும்? ஒரு வீட்டில் 'ஒண்ணுக்கு', இன்னொரு வீட்டில் 'மூச்சா', வேறொரு வீட்டில் 'சுச்சு'. புது இடம், புது முகம். பிள்ளை தன் வீட்டுச் சொல்லைத் தயங்கித் தயங்கி முனகும். நாற்பது குரல்களுக்கு நடுவே டீச்சருக்கு அது காதில் விழாது, விழுந்தாலும் புரியாது. கால்சட்டை நனையும். பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும். மறுநாள் காலை, வயிறு வலிக்கிறது என்று அது அழுவதற்கான காரணம் யாருக்கும் தெரியாது. படிக்க விருப்பமில்லாத பிள்ளை என்று முதல் வாரத்திலேயே பெயர் வாங்கிவிடும்.

மொழியே வேறாக இருக்கும் வீடுகள் எத்தனை! கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரம், நரிக்குறவர் குடியிருப்பில் வாக்ரிபோலி, செங்கல் சூளையில் ஒடியா, திருப்பூர் லைன் வீடுகளில் இந்தி. 'பானி' என்று கேட்கும் பிள்ளைக்குத் தாகம் என்பதை டீச்சர் மே மாதமே தெரிந்துவைத்திருந்தால், ஜூனில் அது தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் நகர முடியவில்லை. ஊர்த்தெருவில் "உள்ள வாங்க டீச்சர், உக்காருங்க" என்று சொல்லும் வீடுகளில் உட்கார்ந்து மோர் குடிப்பவர்கள், காலனியில் நின்றபடியே எழுதிக்கொண்டு திரும்பிவிடுவதுண்டு. நேரமாகிவிட்டது என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சேலைக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தக் காரணம் தெரியாது. தன் அம்மா கொண்டுவந்து நீட்டிய சொம்பை வாங்கி டீச்சர் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்த பிள்ளை, ஜூனில் நிமிர்ந்த தலையோடு வகுப்புக்குள் வரும். அரிச்சுவடிக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாடம் அந்தச் சொம்புத் தண்ணீர்தான் என்று நான் நம்புகிறேன்.

அதே நேரம், டீச்சர் வருகிறார் என்றதும் கூரை ஒழுகும் வீட்டில் தாய் கூசிப்போவாள். எனவே வீட்டை நோட்டம் விடக் கூடாது. வருமானம் எவ்வளவு, அப்பா குடிக்கிறாரா என்ற விசாரணை வேண்டாம். முதலில் நோட்டைத் திறக்காமல் பேச வேண்டும். பகலில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், வேலைக்குப் போயிருப்பார்கள். ஆறு மணிக்கு மேல் போவது நல்லது. கூடவே அங்கன்வாடி அக்காவை அழைத்துப் போகலாம். இரண்டு வயது முதல் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர் அவர்தான். எந்த வீட்டில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனாலும் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அவரை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் நம்மிடம் அநேகமாக இல்லை.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். ஒன்றாம் வகுப்பில் 15 பிள்ளைகள் சேரும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு இருபது நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம், இரண்டு மாலைப் பொழுது. எப்படியும் அந்தத் தெருவுக்கு வரத்தான் போகிறார்கள். அந்த இரண்டு மாலைகளையும் பணி நாளாகக் கணக்கிட்டு, பேருந்துச் செலவையும் அரசு கொடுக்க வேண்டும். ஆசிரியரின் நல்ல மனசு ஒன்றையே நம்பி எந்த ஏற்பாடும் நெடுநாள் நிற்காது.

எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியை, பழைய டைரி ஒன்றில் இதையெல்லாம் குறித்து வைக்கிறார். பிள்ளைகளின் வீட்டை விட்டு வந்த பிறகுதான் எழுதுவார். ஒரு பக்கத்தைக் காட்டினார். 'கூப்பிடுவது அப்பு. மூச்சா என்பான். இடது கைப் பழக்கம். அப்பா திருப்பூரில், மாதம் ஒருமுறை வருவார். நாய் என்றால் பயம்.'

பள்ளி திறந்த அன்று காலை, சத்துணவுக்கூட வாசலில் வழக்கமாகப் படுத்திருக்கும் நாயை ஆயாவிடம் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போகச் செய்துவிட்டு, அவர் கேட்டருகே போய் நின்றுகொண்டார்.