அப்பாவோட உத்யம் சான்றிதழ்ல என்ன கோடு இருக்கு? ஒரு தடவை எடுத்துப் பாருங்க

வழக்கமா நம்ம பக்கத்துல சம்பளம், பி.எஃப்., வரி சேமிப்புன்னு பேசுவோம். இன்னைக்கு பேசப்போறது உங்க சம்பளத்தைப் பத்தி இல்ல, உங்க வீட்டுப் பட்டறையைப் பத்தி. நம்ம கோவை பக்கம் ஐ.டி.யில வேலை பார்க்கிற நிறைய பேருக்கு வீட்ல ஒரு லேத் பட்டறை, ஒரு பம்ப் யூனிட், இல்ல திருப்பூர்ல பத்து தையல் மெஷின் இருக்கும். அப்பா தொழில் பார்ப்பார், ஆன்லைன் வேலை எல்லாம் உங்க தலையில. உத்யம் பதிவும் நீங்கதான் போட்டிருப்பீங்க. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். சரவணம்பட்டியில சாஃப்ட்வேர் வேலை. அப்பா கணபதியில பம்ப்செட் அசெம்பிள் பண்றவர், இருபது வருஷத்துக்கு மேல. காஸ்டிங் வெளிய ஃபவுண்டரியில வாங்குவாங்க, ஷாஃப்ட் கடைசல் ஜாப் ஒர்க், வைண்டிங்கும் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் சொந்தப் பட்டறையில. 2021 கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை இந்தத் தம்பி மொபைல்லயே உத்யம் பதிவு போட்டிருக்கார். "என்ன தொழில்?"னு கேட்ட இடத்துல, "நாம பம்ப் விக்கிறோம்"னு யோசிச்சு 4659ஐ தேர்வு பண்ணிட்டார். அது இயந்திரங்களை மொத்த விற்பனை செய்றவங்களுக்கான கோடு. வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. சான்றிதழ் வந்துச்சு, லேமினேஷன் பண்ணி பட்டறையில மாட்டியாச்சு.

மூணு வருஷம் கழிச்சு ஒரு மத்திய அரசு சார்ந்த நிறுவனத்தோட பம்ப்செட் டெண்டர் ஜெம் போர்ட்டல்ல வந்துச்சு. மதிப்பு சுமார் 30 லட்சம். முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி., 2 சதவீதம், 60,000 ரூபாய். சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டுன்னு இவங்க கட்டல. டெக்னிக்கல் சுற்றுலயே நிராகரிப்பு. காரணம்: "விண்ணப்பதாரர் வணிகர், விலக்குக்குத் தகுதியில்லை, இ.எம்.டி. செலுத்தப்படவில்லை."

தம்பி சொன்னது இதுதான்: "அப்பா ஒண்ணுமே சொல்லலைங்க. அதுதான் கஷ்டமா இருக்குது."

பாருங்க, 60,000 ரூபாய் அவங்ககிட்ட இல்லாம இல்ல. கட்டியிருந்தா சலுகை இல்லாமலாவது போட்டியில இருந்திருக்கலாம். கட்டத் தேவையில்லைன்னு நம்பினதாலதான் மொத்தமா வெளிய போனாங்க. நிஜத்துல அவர் உற்பத்தியாளர், காகிதத்துல வணிகர். டெண்டர் பார்க்கிற அதிகாரி பட்டறைக்கு வந்து பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சு?

என்.ஐ.சி.ன்னா தேசியத் தொழில் வகைப்பாடு. உத்யம் பயன்படுத்துறது 2008 பதிப்பு. ஐ.நா.வோட சர்வதேச வகைப்பாட்டை அடிப்படையா வச்சு நம்ம மத்திய புள்ளியியல் அலுவலகம் தயாரிச்சது. 21 தொகுதிகள், 88 பிரிவுகள், கடைசியில அஞ்சு இலக்கக் கோடு. நாட்டுல எத்தனை பம்ப் யூனிட், எத்தனை துணிக்கடைன்னு எண்ணிப் பார்க்கிறதுக்காக உருவானது. யாருக்கு டெண்டர் கொடுக்கலாம்னு முடிவு பண்ண உருவானது இல்ல. ஆனா இன்னைக்கு அந்த வேலையையும் அதுவே செய்யுது. சண்டை எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

இதுல என்ன பணம் இருக்கு?

குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012 ஏப்ரல் 1ல நடைமுறைக்கு வந்துச்சு. இப்போ இருக்கிற விதிப்படி மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் வருஷக் கொள்முதல்ல குறைஞ்சது 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்கள்கிட்ட வாங்கணும். அதுக்குள்ளேயே எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதம். 358 பொருட்கள் இவங்களுக்குன்னே ஒதுக்கப்பட்டிருக்கு. இதுபோக ரெண்டு பெரிய சலுகை:

ஒண்ணு, இ.எம்.டி. விலக்கு. பொது நிதி விதிகள் 2017படி இது மதிப்பீட்டுல 2 முதல் 5 சதவீதம். 30 லட்சத்துக்கு 60,000ல இருந்து 1.5 லட்சம் வரை. சின்னப் பட்டறைக்கு அது ஒரு மாசக் கூலி.

ரெண்டாவது, 15 சதவீத விலை வரம்பு. பெரிய கம்பெனி ஒண்ணு 100 ரூபாய்க்குக் கேட்டு முதலிடத்துல இருக்கு, நீங்க 115க்குள்ள கேட்டிருக்கீங்கன்னா, 100க்கு இறங்கி வர உங்களுக்கு வாய்ப்பு கொடுக்கணும். ஒத்துக்கிட்டா ஆர்டர்ல ஒரு பகுதி உங்களுக்கு. கவனிங்க, 115க்கு ஆர்டர் கிடைக்காது, 100க்குத்தான். அந்த விலைக்குக் கட்டுமான்னு முன்னாடியே கணக்குப் போட்டு வைங்க.

இந்தக் கொள்கைக்கு எவ்வளவு பலம்? லைஃப்கேர் இன்னொவேஷன்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் 2025ல, இந்த ஆணைக்குச் சட்டத்தோட வலு உண்டுன்னு சொல்லுச்சு. கூடவே, தனிப்பட்ட ஒரு நிறுவனம் "25 சதவீதத்துல எனக்குப் பங்கு கொடு"ன்னு உரிமையா கேட்க முடியாதுன்னும் சொல்லுச்சு. அதனால ஒவ்வொரு டெண்டர்லயும் நம்ம தகுதியை நம்ம காகிதம்தான் நிரூபிக்கணும்.

வணிகர்னா ஏன் சலுகை இல்ல?

இந்தக் கொள்கை, தானே உற்பத்தி பண்ற பொருளுக்கும் தானே கொடுக்கிற சேவைக்கும் மட்டும்தான். வாங்கி விக்கிறவங்களுக்கு இல்ல. ஜெம் ஏல ஆவணத்துலயும் இதையே எழுதியிருப்பாங்க: சலுகை வேணும்னா அந்தப் பொருளுக்கு நீங்க உற்பத்தியாளரா இருக்கணும்.

குழப்பத்துக்குக் காரணம் 2021 ஜூலை 2 உத்தரவு. அதுக்கப்புறம்தான் மொத்த, சில்லறை வணிகர்களும் உத்யம் பதிவு போட முடிஞ்சுது. 45, 46, 47ன்னு ஆரம்பிக்கிற கோடுகள். ஆனா அவங்களுக்குக் கிடைக்கிற பலன் வங்கிகளோட முன்னுரிமைக் கடன் மட்டும்தான். பார்க்க ஒரே மாதிரி சான்றிதழ். ஒண்ணு டெண்டர்ல செல்லும், இன்னொண்ணு செல்லாது.

கட்டுமான ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டும் இந்தக் கொள்கையில வராது. பம்ப் சப்ளை மட்டும்னா ஒரு கதை. போர்வெல் போட்டு, பைப் இழுத்து, ரூம் கட்டிக் கொடுக்கிற டெண்டர்னா வேற கதை. டெண்டர் தலைப்பைப் படிச்சா போதாது, வேலை விவரத்தைப் படிங்க.

நம்ம ஊர் ஆட்கள் எங்க தடுமாறுவாங்க?

கோவைத் தொழிலே ஜாப் ஒர்க்லதான் ஓடுது. ஒரு பம்ப் அஞ்சு பட்டறை தாண்டித்தான் வெளிய வரும். அப்போ யார் உற்பத்தியாளர்? ஐ.நா. வகைப்பாட்டுல இதுக்குத் தெளிவான பதில் இருக்கு.

பாகங்களை வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணினா அது உற்பத்திதான். பம்புக்கு 2813.

வேலை முழுக்க வெளிய ஜாப் ஒர்க்ல நடந்தாலும், மூலப்பொருள் உங்க சொந்தமா இருந்தா நீங்க உற்பத்தியாளர்தான். மூலப்பொருளும் உங்களுது இல்லன்னா நீங்க வணிகர்.

தயாரான பம்பை வாங்கி உங்க ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறது வணிகம்தான். ஸ்டிக்கர் உங்களை உற்பத்தியாளர் ஆக்காது.

மத்தவங்களுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கிற லேத் பட்டறையும் உற்பத்திதான், ஆனா கோடு 2592. அதை வச்சு பம்ப் டெண்டருக்குப் போனா, "பம்ப் எங்கே?"ன்னு கேட்பாங்க.

திருப்பூர்க்காரங்களுக்கு ஒரு வலை இருக்கு. "நிட்வேர்தானே"ன்னு 1430 போட்டுடுவாங்க. அந்தக் கோடு நேரடியா வடிவமாவே பின்னி எடுக்கிற ஸ்வெட்டர், சாக்ஸ் மாதிரி பொருட்களுக்கு. நிட் துணியை வெட்டித் தைக்கிற டி-ஷர்ட் 1410ல வரும். சீருடை டெண்டருக்குப் போறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க.

அமெரிக்காவுல எப்படி?

அங்கயும் இதே சண்டை இருக்கு, ஆனா வேற நேரத்துல நடக்குது. அங்க கொள்முதல் அதிகாரி ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு தொழில் கோடு போடுவார். யார் "சிறு நிறுவனம்"கிறதே அந்தக் கோட்டைப் பொறுத்து மாறும். கோடு தப்புன்னு தோணினா, டெண்டர் வெளியான 10 நாளுக்குள்ள சிறுதொழில் நிர்வாகத்தோட மேல்முறையீட்டு அலுவலகத்துல முறையிடலாம்.

நம்ம நாட்டுல அளவு வரம்பு எல்லாத் தொழிலுக்கும் ஒண்ணுதான். 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனம்னா முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு நிறுவனம்னா 25 கோடி, 100 கோடி வரை. ஆனா கோடு சண்டைக்குன்னு தனி மேல்முறையீட்டு அமைப்பு இங்க இல்ல. நிராகரிச்ச பிறகு போர்ட்டல்ல முறையிடலாம், கெடு ரொம்பச் சின்னது. அடுத்து உயர் நீதிமன்றம். 1994 டாடா செல்லுலார் தீர்ப்புல இருந்து, டெண்டர் முடிவுகள்ல நீதிமன்றம் மேல்முறையீடு மாதிரி உட்காராது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும்கிறது நிலைச்சுப்போச்சு. 30 லட்ச ஆர்டருக்கு வக்கீல் ஃபீஸ் கொடுத்து அங்க போறது எத்தனை பட்டறைக்குக் கட்டும்? நமக்குச் சண்டை போட்டு ஜெயிக்கிற இடம் டெண்டர் வர்றதுக்கு முன்னாடிதான்.

இந்த வாரக் கடைசியில என்ன பண்ணலாம்?

முதல்ல சான்றிதழை எடுங்க. "முக்கியச் செயல்பாடு" என்னன்னு பாருங்க. உற்பத்தியா, சேவையா, வணிகமா? அதுக்குக் கீழே கோடு அட்டவணை இருக்கும். நீங்க நிஜமா செய்ற ஒவ்வொரு வேலையும் அதுல இருக்கான்னு சரிபாருங்க. ஒரு பதிவுலயே பல கோடுகள் சேர்க்கலாம். ஒரு பான் எண்ணுக்கு ஒரே உத்யம்தான், அதனால ரெண்டாவது பதிவு போடாதீங்க.

தப்பா இருந்தா உத்யம் தளத்துலயே திருத்தலாம். உத்யம் எண்ணும் ஓ.டி.பி.யும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்டா அது அரசுத் தளம் இல்ல, உடனே வெளிய வாங்க.

அடுத்து, எல்லாக் காகிதமும் ஒரே பேச்சு பேசணும். ஜி.எஸ்.டி. பதிவுல தொழில் தன்மை "உற்பத்தி"ன்னு இருக்கா? வருமான வரி ரிட்டர்ன்ல போட்ட தொழில் கோடு 04ல ஆரம்பிக்குதா, 09லயா? 09ன்னா அங்கயும் வணிகர்னு சொல்லியிருக்கீங்க. இந்த இடத்துல உங்க ஆடிட்டருக்கும் பொறுப்பு இருக்கு, தயங்காம கேளுங்க.

மூணாவது, ஆதாரக் கோப்பு ஒண்ணு வைங்க. மூலப்பொருள் பில், ஜாப் ஒர்க் டெலிவரி சலான், மெஷின் பட்டியல், தொழிற்சாலை மின் கட்டண ரசீது, டெஸ்ட் ரிப்போர்ட். முறையிட ரெண்டு நாள்தான் கிடைச்சாலும் கையில ரெடியா இருக்கும்.

நாலாவது, சந்தேகம் இருந்தா இ.எம்.டி.யைக் கட்டிடுங்க. ஜெயிக்காதவங்களுக்கு அது திரும்பி வர்ற பணம்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். நிஜமாவே வாங்கி விக்கிறவங்க, சலுகைக்காக உற்பத்திக் கோடு சேர்க்காதீங்க. உத்யம் சுயஅறிவிப்புதான், ஆனா வேணும்னே தப்பான தகவல் கொடுத்தா எம்.எஸ்.எம்.இ. சட்டம் 27ஆம் பிரிவுல தண்டனை உண்டு. மாநில அரசு டெண்டர்கள் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ன் கீழே நடக்கும். அங்க சலுகை விதி வேற, ஆவணத்தைத் தனியா படிங்க.

அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். முறையீடு போட்டோம். "ஏலம் முடியுற தேதியில சான்றிதழ்ல இருந்ததைத்தான் பார்ப்போம்"னு பதில் வந்துச்சு. அவங்க விதிப்படி அது சரிதான். 2813 சேர்த்தோம், ஜி.எஸ்.டி.யையும் சரி பண்ணினோம். அடுத்த டெண்டர்ல டெக்னிக்கல் சுற்று தாண்டினாங்க, விலையில தோத்தாங்க. அப்பா அன்னைக்குத்தான் வாயைத் திறந்தாராம்: "விலையில தோத்தா பரவால்ல கண்ணு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அஞ்சு நிமிஷத்துல போட்ட பதிவுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "நம்ம பட்டறையில என்னென்ன வேலை நடக்குதுங்கப்பா?"ன்னு கேட்டு எழுதுங்க. சரியான கோடு அவர் சொல்ற பதில்லதான் இருக்கு.