தீயில் உருப்பெறும் திருமுகம்

சிவகாசி வாணத்தின் நீல ஒளிக்குச் செம்புச் சேர்மம் காரணம் என்பதை நாம் அறிவோம். அவ்வொளி நொடியில் மறையும். அதே செம்பு கண்ணாடியோடு உருகிக் கலந்தால், அதன் நீலப்பச்சை நூற்றாண்டுகள் நிலைக்கும்.

தஞ்சைக் கண்ணாடி ஓவியர் கண்ணாடியின் பின்புறத்தில் கண்ணையும் அணிகலனையும் முதலில் வரைந்து, பின்னணியை இறுதியில் தீட்டினர். ஈரம் பட்டால் அவ்வண்ணம் உதிர்ந்துவிடும். தீயில் சுட்ட வண்ணத்திற்கோ அக்குறை இல்லை. 14ஆம் நூற்றாண்டில் எகிப்து, சிரியா நாட்டுக் கலைஞர்கள் வண்ணக் கண்ணாடிப் பொடியைச் சுட்டுப் பதித்தே பள்ளிவாசல் விளக்குகளில் திருமறை வசனங்களைப் பொறித்தனர்.

முகம் அமைக்கும் முறையும் இதனை ஒத்ததே. கண்ணாடித் தகட்டின்மீது வண்ணத் துண்டுகளையும் பொடியையும் ஒளியும் நிழலுமாகப் பரப்பி, உலையில் ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடேற்றுவர். அனைத்தும் உருகி ஒன்றாகும். அவை யாவும் வெப்பத்தால் ஒரே அளவில் விரிந்து சுருங்கும் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். பின்னர் 500 பாகையளவில் நிறுத்திவைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுவர். விரைந்து ஆற்றினால் முகம் பிளந்துவிடும்.

பட்டாசு ஆலைகளில் அவசரம் உயிர் பறிப்பதைக் கண்ட நமக்கு இப்பாடம் புதிதன்று. உருவைத் தருவது தீ. அதனைக் காப்பது பொறுமை.