வயல்வெளிக் கொக்கும் மூளைக்காய்ச்சலும்

மாரி பொழிந்து குளங்கள் நிறைந்து, பெரும்போகப் பயிர் தலையெடுக்கும் காலத்திற் கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாக வயலில் வந்திறங்குதல் வழக்கம். அதே நாட்களில் அதே வயல்நீரில் நுளம்பும் பெருகுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத தொடர்பொன்று உண்டு. யப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் அத்தொடர்பின் வழியாகவே பரவுகின்றது.

1985ஆம் ஆண்டின் இறுதியிலும் 1986ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அனுராதபுரப் பகுதியில் இந்நோய் பெருவாரியாகப் பரவிற்று. முந்நூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1987-88ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்டியது. நெற்செய்கை மிகுந்த அக்குடியேற்றங்களில், மேலதிக வருமானத்திற்காகப் பன்றி வளர்ப்பும் அக்காலத்திற் பரவியிருந்தது. வயலும் பன்றிப்பட்டியும் அருகருகே அமைந்தமையே கேட்டிற்கு வழிகோலியது.

நோய் பரவும் விதம்

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. கொக்கு, நாரை, இராக்கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் குருதியில் அது பெருகும். எனினும் அப்பறவைகள் நோயுறுவதில்லை. கியூலெக்சு இனத்து நுளம்பு அப்பறவையைக் கடிக்கும்போது வைரசு நுளம்பின் உடலினுட் சென்று, ஏறக்குறைய ஒன்று இரண்டு வாரங்களில் அதன் உமிழ்நீரை அடைகின்றது. அதன்பின் அந்நுளம்பு கடிக்கும் பிராணிக்கு வைரசு தொற்றும்.

பறவையிலிருந்து நேரே மனிதருக்கு நோய் வருவதில்லை. பறவைக்கும் மனிதருக்கும் இடையிற் பெரும்பாலும் நிற்பது பன்றியே. பன்றியின் குருதியில் வைரசு மிக அதிகமாகப் பெருகுவதால், ஒரு பன்றியைக் கடிக்கும் பல நுளம்புகள் நச்சேறப் பெறுகின்றன. புதிய குட்டிகள் அடிக்கடி பிறப்பதால் வைரசுக்கு இடம் குறைவதில்லை. வளர்ந்த பன்றி நோய்க்குறி காட்டுவதும் அரிது. சினைப்பன்றி மட்டும் செத்த குட்டிகளை ஈனுதல் கூடும். மாட்டை நுளம்பு விரும்பிக் கடித்தபோதிலும், அதன் குருதியில் வைரசு போதிய அளவு பெருகுவதில்லை.

மனிதரின் குருதியிலும் அவ்வாறே. நோயாளியைக் கடித்த நுளம்பினாற் பிறருக்கு நோய் வராது. ஆதலால் நோயுற்ற வீட்டாரை அயலவர் ஒதுக்குதல் அறியாமையாகும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

கொக்கைச் சுட்டுக் கொல்வதாற் பயனில்லை. கொக்கு பயிருண்ணும் பூச்சிகளைத் தின்று கமக்காரருக்கு உதவுவது. சங்கிலியை அறுக்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது, வயல்நீர். முட்டையிலிருந்து நுளம்பு பறந்து வெளிவர ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். பயிர் வேரூன்றிய பின், இடையிடையே நீரை வடித்து, சேற்றுக் குழிகளிலும் நீர் நில்லாதபடி சில நாட்கள் உலரவிட்டு மீண்டும் பாய்ச்சினாற் குடம்பிகள் மடியும். பூக்கும் பருவத்தில் மட்டும் பயிருக்கு நீர்க்குறை ஏற்படலாகாது. ஒருவர் வயலை உலர்த்த அயல்வயலில் நீர் தேங்கி நின்றாற் பலன் குறையும். ஆகையால் ஒரே வாய்க்காலிற் பாய்ச்சுவோர் கூடிப் பேசி ஒருங்கே செய்தல் நன்று. மரக்கறித் தோட்டங்களிலும் துரவுகள், வாய்க்காற் பள்ளங்கள், களை மூடிய வடிகால்கள் ஆகியவற்றைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். வற்றாத துரவுகளிற் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களை விடலாம்.

இரண்டாவது, பன்றிப்பட்டி. அதனை வீட்டிற்கும் வயலுக்கும் அண்மையில் அமைத்தலாகாது. இந்நுளம்பு ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பறக்கவல்லது. ஆதலாற் பட்டியைச் சற்றுத் தள்ளி வைப்பது மட்டும் போதாது. மாலை தொட்டு விடியும்வரை பட்டியை நுளம்பு வலையால் மூடுதல் வேண்டும். பன்றிகளுக்குத் தடுப்பூசி ஏற்றுவது பற்றிக் கால்நடை வைத்தியரை உசாவுக.

மூன்றாவது, வீடு. இந்நுளம்பு அந்தி தொடங்கி இரவிற் கடிப்பது. மாலையில் நீர் கட்டச் செல்வோர் கைகால்களை மூடிய உடை அணிதல் நலம். சிறுவர் வலையினுள் உறங்குதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் உறுதியான காவல் தடுப்பூசியே. இலங்கையில் நோய் மிகுந்த பகுதிகளில் 1988ஆம் ஆண்டில் அது தொடங்கப்பட்டது. இன்று ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு அரசாங்கம் அதனை இலவசமாக வழங்குகின்றது. வேலை மிகுந்த விதைப்புக் காலமென்று குழந்தையின் தவணையைத் தவறவிடலாகாது.

வைரசு தொற்றியோருட் பெரும்பாலார்க்கு எவ்விதக் குறியும் தோன்றாது. ஆனால் மூளை தாக்கப்பட்டோரில் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறத்தல் கூடும். பிழைத்தோருட் பலர் அங்கக் குறைவுடனோ அறிவுக் குறைவுடனோ வாழ நேரிடுகின்றது. இவ்வைரசைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. கடுங்காய்ச்சலுடன் தலையிடி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியன தோன்றினால் விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

வரம்பிற் கொக்கு நிற்கட்டும். மடையைத் திறந்து நீரை வடிப்பதும் பட்டிக்கு வலையிடுவதும் கமக்காரர் கையிலேயே உள்ளன.