நீலப் புகையும் பழைய லைனரும்

எங்கள் கிணற்றடியில் ஐந்து குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று உள்ளது. ஊரில் அதை ஆயில் எஞ்சின் என்பர். சென்ற ஆண்டு அதில் நீலப் புகை வரத் தொடங்கியது. லைனர் தேய்ந்துவிட்டது என்று எல்லோருமாக முடிவு கட்டினோம். கடலை விற்ற பணத்தில் அப்பா லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாக வாங்கி மாற்றினார். புகை நிற்கவில்லை. புதிய ரிங் படியும்வரை சிறிது புகை வருவது இயல்பே என்று சில நாள் பொறுத்தோம், பிறகும் நிற்கவில்லை. பிரிப்பதற்கு முன் எவற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அதன் பிறகே கற்றேன்.

கரும்புகை வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை என்று பொருள். வெண்புகை எரியாத டீசலாகவோ, உள்ளே கசிந்த நீராகவோ இருக்கும். நீலம், மசகு எண்ணெய் எரிவதன் அடையாளம். ஆனால் அந்த எண்ணெய் எவ்வழியே வந்தது என்பதைப் புகை சொல்லாது. கீழிருந்து ரிங்குகளைத் தாண்டி வரலாம். மேலே வால்வு கைடு வழியாக இறங்கலாம். காற்று வடிகட்டியிலிருந்தும் வரலாம்.

ரிங்குகளைச் சோதிக்க டீசலை அடைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை விட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல் எதிர்த்துத் தள்ளினால் நல்லது. தள்ளாவிட்டால் இன்ஜெக்டர் துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இன்ஜெக்டரை மாட்டி மீண்டும் சுற்றுக. இப்போது எதிர்ப்பு கூடினால் குறை ரிங்கிலோ லைனரிலோ உள்ளது. கூடாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாகாது. 80 மில்லிமீட்டர் உள்விட்டமும் 110 மில்லிமீட்டர் வீச்சும் உடைய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 553 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 17.5 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 33 கன சென்டிமீட்டர்தான்! எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

லைனர் மேல்முனையில்தான் மிகுதியாகத் தேயும். நிமிடத்திற்கு 1500 சுற்று என்றால் பிஸ்டன் 1500 முறை உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. எண்ணெய்ப் படலம் நிலைக்க இயக்கம் வேண்டும், அங்கோ இயக்கமில்லை. வெப்பத்தால் எண்ணெய் இளகுகிறது. எரிவாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு நெருக்குகிறது. உள்ளே வரும் புழுதியும் முதலில் படுவது அங்கேதான்.

இதைக் கொண்டு எளிய அளவீடு ஒன்று செய்யலாம். பிஸ்டனைக் கழற்றியபின் புதிய ரிங் ஒன்றை லைனரில் சாய்வின்றி வைத்து, அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்க வேண்டும். ரிங்குகள் உரசாத அடிப்பகுதியில் ஒரு முறை. மேலே விளிம்புத் தடத்தை ஒட்டி இன்னொரு முறை. விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும் அல்லவா? ஆகவே இரு இடைவெளிகளின் வேறுபாட்டை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவின் எஞ்சினில் கீழே 0.35, மேலே 0.95 மில்லிமீட்டர் இருந்தன. தேய்மானம் 0.19. அவருக்கு லைனர் மாற்றியது சரியே. இம்முறை சராசரியை மட்டுமே தரும். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் அதைக் காட்ட டயல் கேஜ்தான் வேண்டும்.

இனி எங்கள் எஞ்சின். "நீ வந்து போன ரெண்டு மூணு நாளைக்குத்தாம்பா புகை சாஸ்தியா வருது" என்று அப்பா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். நான் விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் போவேன்; காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழுவி எண்ணெய் ஊற்றுவது என் வேலை. காற்று அந்த எண்ணெயில் மோதித் திரும்பும்போது தூசி அதில் தங்கிவிடும். எண்ணெய் கூடினால் தூசியும் கூடுதலாகத் தங்கும் என்றெண்ணிக் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை ஊற்றிவந்தவன் நானே. மிகுந்த எண்ணெயைக் காற்று சிலிண்டருக்குள் இழுத்துச் சென்றது. எஞ்சினின் அடித்தொட்டியில் அளவுக்கோலை விட்டுப் பார்த்திருந்தாலே போதும். அங்கே எண்ணெய் குறையவே இல்லை. நீலப் புகை வந்தும் தொட்டி குறையாவிட்டால் எண்ணெய் வேறிடத்திலிருந்து வருகிறது என்பதுதானே பொருள்?

கோடுவரை மட்டும் ஊற்றினேன். புகை நின்றது. கழற்றிப் போட்ட பழைய லைனரை மாட்டுக்கொட்டிலிலிருந்து எடுத்து அளந்தேன். இடைவெளிகளின் வேறுபாடு 0.13; தேய்மானம் 0.04 மில்லிமீட்டர். பெரியப்பாவின் லைனரில் இருந்ததில் கால்பங்குகூட இல்லை. அப்பாவிடம் அன்றிரவே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கிண்ணத்தின் கோட்டின்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.