முள் பாதையில் பஞ்சர் லிக்விட்: எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

'மாதம் இரண்டு முறையாவது வண்டி பஞ்சர் ஆகிறது. டயருக்குள் ஊற்றும் பஞ்சர் லிக்விட் பலன் தருமா, தண்டச் செலவா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பயிர் பற்றிய கேள்வி இல்லையே என்று ஒதுக்க மனம் வரவில்லை. விதையும் உரமும் வயலுக்குப் போவதும், பாலும் காய்கறியும் ஊருக்குள் வருவதும் இன்று பைக்கில்தானே!

நான் வேலை பார்த்த ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம்தான். ஒரு சித்திரை மாதக் காலையில் வயலாய்வுக்குப் போகும்போது, பெரியவர் ஒருவர் இரண்டு பால் கேன்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "லிக்விட் ஊத்தி ஆறு மாசம்தான் சார் ஆச்சு. அப்படியும் காத்து இறங்கிருச்சு" என்றார். அவர் சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிட்டது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. டயர் மொட்டை, உள்ளே நான்கைந்து முள் முனைகள். அதில் ஒன்று பக்கவாட்டில் ஏறி டியூபைக் கிழித்திருந்தது. லிக்விட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஆறு மாதமாக அவர் டயரைக் குனிந்து பார்க்கவே இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

கிளைக்கால் கலந்த திரவத்தில் நுண்ணிய இழைகள் மிதக்கும். சக்கரம் சுற்றும்போது இது பட்டன் பகுதியின் உட்புறம் பரவி நிற்கும். முள் குத்தியதும், வெளியேறும் காற்றே திரவத்தை ஓட்டைக்குள் தள்ளும். இழைகள் அங்கே சிக்கி அடைப்பாகிவிடும். கிளைக்கால் திரவத்தைச் சீக்கிரம் காயவிடாது.

டியூப்லெஸ் டயரில் இதன் பலன் அதிகம். டயரின் ரப்பர் கனமானது. முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும். டியூப் உள்ள டயரில் நிலைமை வேறு. டியூப் மெல்லியது, விரிந்த நிலையில் இருப்பதால் சின்ன ஓட்டையும் வாய் பிளக்கும். டயரில் தங்கிய முள் உரசி உரசிப் புது ஓட்டைகளைப் போடும். எனவே டியூப் வண்டிக்கு, டியூபுக்கு ஏற்றது என்று பாட்டிலில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

எதைத் தாங்காது?

பக்கவாட்டுக் குத்து, டியூப் கிழிசல், வால்வு அடியில் கசிவு, பெரிய ஆணி போட்ட ஓட்டை ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. வரப்போரம் புதரை உரசி ஓட்டினால் முள் பக்கவாட்டில்தான் ஏறும். காற்றுக் குறைவாக இருக்கும் டயரில் 45 கிலோ யூரியா மூட்டையை ஏற்றினாலும் பக்கவாட்டுப் பகுதி மடங்கிச் சேதமாகும்.

ஊற்றும் முறை

* முதலில் டயரில் இருக்கும் முட்களைப் பிடுங்கி, பழைய பஞ்சரை ஒட்டிவிடுங்கள்.
* சென்டர் ஸ்டாண்டு போட்டு, வால்வு அடியில் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்புங்கள். காற்றை முழுதும் இறக்கி, வால்வு பின்னைக் கழற்றுங்கள்.
* பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். பைக் டயர் ஒன்றுக்குப் பொதுவாக 200 முதல் 350 மி.லி. பிடிக்கும், பாட்டிலில் உள்ள அளவே சரி.
* பின்னை மாட்டி, வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி காற்று நிரப்பி, உடனே நான்கைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அப்போதுதான் திரவம் சீராகப் பரவும்.

ஊற்றிய பிறகு

வாரம் ஒருமுறை காற்று பாருங்கள். அப்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் திரவம் வந்து வால்வை அடைத்துவிடும். முள்ளைக் கண்டால் பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நிறுத்துங்கள். திரவம் அங்கே இறங்கி அடைக்கும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி காற்று பாருங்கள். பஞ்சர் கடைக்குப் போனால், லிக்விட் ஊற்றியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டியூபைத் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டினால் பேட்ச் பிடிக்காது. லிக்விடுக்கும் ஆயுள் உண்டு. பாட்டிலில் போட்டுள்ள காலம் முடிந்ததும் அதை நம்ப வேண்டாம்.

விதை நேர்த்தி செய்தால் முளைப் பருவத்தில் நோய் தடுக்கலாம். சொத்தை விதையை அது நல்ல விதையாக்காது. பஞ்சர் லிக்விடும் அப்படித்தான். பட்டன் உள்ள டயர், சரியான காற்று இரண்டும் இருந்தால் சில நூறு ரூபாய்ச் செலவு வீண் போகாது. மொட்டை டயரை வைத்துக்கொண்டு லிக்விட் வாங்குவதைவிட, அந்தப் பணத்தைப் புது டயருக்குச் சேர்ப்பதே மேல்.

இன்னொன்று: வரப்பில் வெட்டிய முள்ளை வண்டிப் பாதையில் இழுத்துப் போடாதீர்கள். நம் பாதையில் நாம் விடும் முள், நாளைக்கு யாரோ ஒருவரின் பால் கேனை வழியில் நிறுத்தும்.