விரல் நீள ஷாக் அப்சார்பர்... ஒரு காற்றுக் குமிழி போதும், ரேஸ் போச்சு!

தாம்பரம் - வேளச்சேரி சாலையில் தினமும் பைக் ஓட்டுபவர்களுக்கு ஷாக் அப்சார்பரின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முதுகே சொல்லிவிடும். ஆனால், அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமா? ரிமோட் கன்ட்ரோல் ரேஸ் காரின் ஷாக் அப்சார்பரைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

நிஜ காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 'பக்கி' வகை ரேஸ் காரின் எடை சுமார் ஒன்றரை கிலோதான். மண் மேட்டில் ஏறிப் பறந்து, சில அடி தள்ளி விழும். விழுந்த இடத்தில் துள்ளாமல் அப்படியே ஓட வேண்டும். அதற்காகத்தான் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ஷாக் அப்சார்பர்கள். 1984-ல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஆர்.சி.10' கார், ஆயில் நிரப்பிய அலுமினிய ஷாக் அப்சார்பர்களுடன் வந்து பெரும் புகழ் பெற்றது.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே ஸ்பிரிங். உள்ளே சிலிகோன் ஆயில். அந்த ஆயிலுக்குள் துளை போட்ட பிஸ்டன். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்கும். அமுங்கியதும் திரும்பத் துள்ளப் பார்க்கும். ஆனால், பிஸ்டன் நகர வேண்டுமென்றால் அந்தச் சின்னத் துளைகள் வழியாக ஆயில் புகுந்து போக வேண்டும். இந்தத் தடைதான் துள்ளலை அடக்குகிறது.

பொறுமைதான் முதல் டூல்!

பிஸ்டன் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் ஓ-ரிங் இருக்கும். கம்பியில் ஆயில் தடவாமல் நுழைத்தால் அது கிழிந்து, ஆயில் கசியும். பிஸ்டனைக் கீழே இறக்கி, விளிம்பு வரை ஆயில் ஊற்றி, மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் காற்றுக் குமிழிகள் மேலே வரும். பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். குமிழி தங்கிவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் தொளதொளவென்று அமுங்கும். கார் கோணலாக விழும். அதனால் இடது, வலது இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பார்த்த பிறகே காரில் மாட்டுவார்கள்.

அடுத்து டியூனிங். கெட்டியான ஆயில் ஊற்றினால் பெரிய ஜம்ப்பைத் தாங்கும். ஆனால், சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் சக்கரம் தரையை விட்டுத் தாவும். இளக்கமான ஆயில் என்றால் விழும்போது அடிப்பாகம் தரையில் இடிக்கும். நம் ஊர் வெயிலில் ஆயில் இன்னும் இளகும் என்பதால், சூடான நாளில் ஒரு படி கெட்டியான ஆயில் கைகொடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆயிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்றே தெரியாது.

உங்கள் பைக்கிலும் இதே கதைதான்

ஷாக் அப்சார்பரின் முதல் வேலை சொகுசு அல்ல. டயர் தரையை விடாமல் பார்த்துக்கொள்வது. டயர் தரையில் இல்லாத நொடியில் பிரேக் பிடித்துப் பயனில்லை. பெரும்பாலான பைக்குகளின் முன் ஃபோர்க்கிலும் இதேபோல ஸ்பிரிங்கும் ஆயிலும்தான்.

பைக்கை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. ஊஞ்சல் மாதிரி ஆடினாலோ, ஃபோர்க் கம்பியில் ஆயில் கசிந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.